அதே பிளேனில் வருவேன் என்று எழுதினேன்

தம்பி,

இந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தால் நீ பார்க்க மாட்டாய். சட்டைப் பையில் வைத்தால் மருமகள் சுகன்யா துவைத்துவிடுவாள். அதனால் உன்னுடைய அந்தச் சிவப்பு பைலுக்குள், முதல் பக்கத்துக்கு மேலேயே செருகி வைக்கிறேன். இந்த வீட்டில் நீ ஒரு நாளைக்கு இரண்டு தடவை எடுத்துப் புரட்டுகிற காகிதம் அது ஒன்றுதான். நேரில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். முந்தாநாள் சாயங்காலம் நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது நீ அடுப்படி வாசலில் வந்து நின்று சொன்னதற்கு என் வாயில் இருந்து ஒரு "ம்" வந்தது. நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு ரொட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அது சம்மதம் இல்லை. கோபம் முற்றினால் எனக்கு வாய் அடைத்துக்கொள்ளும். முப்பத்தொரு வயதாகியும் உனக்கு இது தெரியவில்லை.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நாளைக்கு நான் மாற்றிச் சொல்கிறேன் என்று சொல்லக்கூடாது. "அம்மா, புதன்கெழம காலையில பாப்பாவ நீங்களே நர்சரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. நான் அதுக்குள்ள கெளம்பிருவேன். வந்து தேடுனா, அப்பா ஹட்டனுக்குப் போயிருக்காரு, சாயங்காலம் வந்துருவாருன்னு சொல்லுங்க. அழ விட்டுட்டுப் போனா எனக்கு மனசு கேக்காது. ரெண்டு மூணு நாள்ல அது மறந்துரும்." மறந்துருமாம்! யார் சொல்கிறது பார். இரண்டு வருட ஒப்பந்தத்தில், பிளேன் சீட்டுகளைக் கழற்றி மாட்டுகிற வேலைக்குக் கடல் தாண்டிப் போகிறாய். நாலு வயதுப் பிள்ளையிடம், பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற ஹட்டன் டவுனுக்குப் போயிருப்பதாக நான் சொல்ல வேண்டும். ஹட்டன் என்ற வார்த்தையை நீ எங்கே இருந்து எடுத்தாய் என்று உனக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

அதற்கு வருவதற்கு முந்தி அந்த பைலைப் பற்றிப் பேசிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மேலே எழுத ஓடாது. மூன்று வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நீ என்னைக் கூப்பிட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாய். "அம்மா, நீங்க மொத தடவ வெளிநாடு போன ப்ளேனோட முழு சரித்திரமும் கெடச்சிருச்சும்மா" என்றாய். இத்தனை வருடத்துக்குப் பிறகு என் மகன் நான் போன கதையைக் கேட்கப் போகிறான் என்று நினைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நீ இரண்டு மணி நேரம் வாசித்தாய். அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாள். முதல் கம்பெனிக்காரன் அதை எடுத்துக்கொண்டு போய் வளைகுடாவுக்கும் நம்முடைய கட்டுநாயக்க ஏர்போர்ட்டுக்கும் நடுவே ஒன்பது வருடம் ஓட்டியது. பிறகு வேறு ஒரு நாட்டுக்காரனுக்கு வாடகைக்குப் போய், பெயிண்டை மாற்றி, நம்பரை மாற்றி, சீட்டுகளை இன்னும் நெருக்கிப் போட்டு ஓடியது. அதற்குப் பிறகு யாத்திரைக்காரர்களை ஏற்றும் ஒரு சின்னக் கம்பெனி. கொரோனாவில் ஏதோ ஒரு பாலைவனத்தில் ஜன்னலையெல்லாம் மூடி, இஞ்சினுக்கு உறை போட்டு நிறுத்தி வைத்தது. கடைசியில் அங்கேயே வைத்துப் பிரித்தது. முதலில் இஞ்சின், அப்புறம் சக்கரம், அப்புறம் சீட்டு. மிஞ்சிய தகட்டைத் துண்டு துண்டாக வெட்டிச் சாவிக்கொத்தில் மாட்டுகிற பட்டையாக விற்கிறார்களாம், நீயும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாய்.

உலகத்தில் பிளேன் நம்பர்களையே எழுதிக்கொண்டு திரிகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அவர்களிடம் இருந்து பாதி, அந்தப் பிளேனில் வேலை பார்த்த பழைய இஞ்சினியர் ஒருவரிடம் இருந்து மீதி என்று நாலு வருடமாகச் சேர்த்திருக்கிறாய். ஒரு தடவை தரையில் பலமாக இடித்து இறங்கியதற்கு ஒரு பக்கம். ஒரு பறவை மோதியதற்கு அரைப் பக்கம். இடது இறக்கையில் ஏதோ வண்டி உரசிய கீறலுக்குப் படம் போட்டு ஒரு பக்கம். "இங்க பாருங்கம்மா, ஒரு சின்ன ஆணிய மாத்துனாலும் எழுதி வைக்கணும். சரி பாத்தவரு கையெழுத்துப் போடணும். கையெழுத்து இல்லாம பறக்கவே விட மாட்டாங்க" என்று விரலால் தட்டித் தட்டிக் காட்டினாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசிப் பக்கத்தை மூடினாய். "முடிஞ்சிச்சா?" என்றேன். "முடிஞ்சிச்சும்மா. எப்பிடி?" என்று சிரித்தாய். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய், பாத்தியில் முற்றாத லீக்ஸை எல்லாம் பாதி வரைக்கும் பிடுங்கிப் போட்டேன். பன்றி வந்து கிளறிவிட்டது என்று உனக்குச் சொன்னேன் அல்லவா, அந்தப் பன்றி நான்தான்.

இரண்டு மணி நேரத்தில் ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி நீ கேட்டிருக்கலாம். அந்தப் பிளேனுக்குள் அன்றைக்கு உட்கார்ந்திருந்த பொம்பளைக்கு இருபத்துநாலு வயது. அவளுக்கு எந்த சீட், யார் பக்கத்தில், என்ன சாப்பிட்டாள், அழுதாளா என்று எதையும் நீ கேட்கவில்லை. ஐயோ, என் இடது கை மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது, உனக்குத் தெரியுமா? தேத்தண்ணிக் கேத்தலை நான் வலது கையால் மட்டுமே தூக்குவதை நீ இருபத்துநாலு வருடமாகப் பார்க்கிறாய். இறக்கையின் கீறலுக்குப் படம் போட்டவனே, பெத்தவளின் கையை ஒரு நாளாவது பிடித்துப் பார்த்தாயா? சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இப்போது சொல்லிக்காட்டுகிறேன், போ.

நான் போன நாளைச் சொல்கிறேன், கேள். நான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது தினமும் உன்னைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் போவேன். தோட்டத்தில் எல்லாத் தாய்மாரும் அப்படித்தான், காலையில் ஆயாவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு மலைக்குப் போவோம், சாயங்காலம் கொழுந்து நிறுத்த கையோடு வந்து தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்குப் போவோம். உனக்கு அந்தப் பழக்கம் நன்றாகப் பதிந்திருந்தது. நான் போகும்போது நீ அழுததே இல்லை, ஏனென்றால் நான் சாயங்காலம் வராமல் இருந்ததே இல்லை. அந்தப் பழக்கத்தைத்தான் நான் உனக்கு எதிராகப் பயன்படுத்திக்கொண்டேன். மற்ற நாள் மாதிரியே உன்னைக் கொண்டுபோய் விட்டேன். கொழுந்து எடுக்க இடுப்பில் கட்டுகிற படங்குக்குப் பதில் நல்ல சேலை கட்டியிருந்தேன், நீ அதைக் கவனித்துவிட்டாய். "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டாய். "ஹட்டனுக்குப் போறேன் சாமி. உனக்குச் சப்பாத்து வாங்கிட்டுச் சாயங்காலம் வந்துருவேன்" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடிவிட்டாய். எனக்கு அப்போது உன்னைப் பற்றி என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, அழவில்லை என்று தோன்றியது. எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று மகிழ்ந்துகொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன்.

நான் திரும்பி வந்த பிறகு அந்த ஆயா என்னிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார். சொல்லியிருக்கவே வேண்டாம், ஆனாலும் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் மற்றப் பிள்ளைகளின் தாய்மார் வரத் தொடங்கியதும் நீ போய்க் குழாயில் இரண்டு காலையும் கழுவிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்திருக்கிறாய். "என்னாடா, ஏன் காலக் கழுவுன?" என்று அவர் கேட்டதற்கு, "அம்மா சப்பாத்து கொண்டு வருவாங்க, காலு அழுக்கா இருந்தா ஏசுவாங்க" என்று சொல்லியிருக்கிறாய். எல்லாப் பிள்ளையும் போய், கடைசியில் உன் அத்தை வந்து உன்னைத் தூக்கியபோது கால் காய்ந்து விறைத்துப் போயிருந்ததாம். இதை உன்னிடம் நான் இதுவரைக்கும் சொன்னதில்லை. எனக்கு இதைச் சொல்ல வாய் கிடையாது. உனக்கு நினைவு இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நீ சப்பாத்துக் கடைக்குள் போனால் இன்றைக்கும் முகம் சுண்டிப் போகிறது, அதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தப் பிளேனின் நம்பருக்கு வருகிறேன். கட்டுநாயக்கவில் எங்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிப் பிளேனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். மத்தியான வெயில். படிக்கட்டில் ஏறும் வரிசை நகராமல் நின்றது. எனக்குப் பின்னால் ராகலைப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு பிள்ளை, அவளும் முதல் தடவை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே நின்றாள். வால் பக்கம் பார்த்தால் பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்து, ஐந்து எழுத்து. நம்முடைய தோட்டத்துப் பஸ்ஸை நினைத்துப் பார். காலையில் ஹட்டனுக்குப் போகிற பஸ் எதுவோ அதுதான் சாயங்காலம் திரும்பி வரும். டிரைவரும் அவர்தான், கண்டக்டரும் அவர்தான். நம்பரைப் பார்த்தே மேட்டில் இருந்து "நம்ம பஸ் வந்துருச்சி" என்று சொல்லிவிடுவோம். நான் அது வரைக்கும் ஏறிய வாகனமெல்லாம் அந்த மாதிரிதான். அதனால் இந்தப் பிளேன்தான் என்னைக் கொண்டுபோகிறது, இரண்டு வருடத்தில் இதுவேதான் என்னைத் திரும்பக் கொண்டுவரும் என்று நான் நினைத்ததில் என்ன அதிசயம்? முன்னால் நின்றவரிடம் பேனா வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். ராகலைப் பிள்ளை எட்டிப் பார்த்தாள். "என்னாக்கா எழுதுறீங்க?" என்றாள். "நம்பரு. வீட்டுக்கு எழுதணும்ல, எந்த ப்ளேன்ல வருவோம்னு" என்றேன். "அய்யோ எனக்கும் சொல்லுங்கக்கா" என்று அவளும் கையில் எழுதிக்கொண்டாள். இரண்டு மடச்சிகள்.

வீட்டு வேலைக்கென்று அங்கே போய்ச் சேர்ந்து எழுதிய முதல் கடிதத்தில் உனக்கென்று தனியாக நாலு வரி எழுதினேன். ஹட்டன் என்று பொய் சொன்னது என்னை அரித்துக்கொண்டே இருந்தது, அதற்கு மருந்து போடுகிற மாதிரி நினைத்து எழுதினேன். அம்மா வந்த பிளேனின் நம்பர் இது, இதே பிளேனில்தான் அம்மா வருவேன், பார்த்துக்கொண்டிரு என்று. உன் அத்தை வாசித்துக் காட்டியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அ, ஆ படிப்பதற்கு முந்தி நீ அந்த ஐந்து இங்கிலீஷ் எழுத்தைப் படித்துவிட்டாய். லயத்துச் சுவரில் கரியால் எழுதினாயாம். சோற்றுக்கு உட்கார்ந்தால் அதைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவாயாம். மேலே எந்தப் பிளேன் போனாலும் "நம்பரு தெரியல அத்தை" என்று அழுவாயாம். அத்தை எனக்கு இதை எல்லாம் வேடிக்கை மாதிரி எழுதுவார், நானும் அந்த வீட்டு எஜமானியிடம் காட்டிச் சிரித்தேன். பாவி, சிரித்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உன் அப்பாவிடம்கூட அவர் சாகும் வரைக்கும் நான் சொல்லாதது. பிளேன் கிளம்பியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ நினைக்கிற மாதிரி வயிற்றுக்காக மட்டும் நான் போகவில்லை. லயத்துக் காம்பராவில் மழை ஒழுகியது உண்மை, உன்னைப் படிக்கவைக்க வேண்டும் என்றது உண்மை. அதோடு, விடிந்தால் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டு, பொழுது சாய்ந்தால் அடுப்பு என்று இருந்தவளுக்கு இந்த மலையைத் தாண்டி என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் உண்மை. தரை கீழே போனதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மேகத்தை மேலே இருந்து பார்த்தேன். ஒரு சின்னத் தட்டில் சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள், யாரோ சமைத்து யாரோ கொண்டுவந்து கொடுத்ததை நான் உட்கார்ந்தபடி சாப்பிட்டது அன்றைக்குத்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நீ ஒருத்தன் இருக்கிறாய் என்பதையே மறந்திருந்தேன். பிறகு திடீரென்று, இப்போது கொழுந்து நிறுக்கிற நேரம் ஆகியிருக்குமே என்று தோன்றியது. சோறு கொண்டுவந்த பிளேன் பொம்பளையிடம் கையைக் காட்டி மணி கேட்டேன். அவள் சொன்ன மணி எந்த ஊர் மணி என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அழ ஆரம்பித்தவள் இறங்கும் வரைக்கும் நிறுத்தவில்லை.

அந்த வீட்டில் எனக்கு முந்தி இருந்த பெண்ணின் பெயர் மேரி. அந்தப் பெயர் அவர்களுக்குப் பழகிவிட்டதால் என்னையும் மேரி என்றே கூப்பிட்டார்கள். முதல் வாரம் நான் திரும்பிப் பார்க்கவில்லை, காது கேட்காது போல என்று பேசிக்கொண்டார்கள். அப்புறம் பழகிவிட்டது. உன் பைலில் அந்தப் பிளேன் கை மாறும்போது எல்லாம் நம்பர் மாறும், ஆனால் தொழிற்சாலையில் அடித்த நம்பர் உள்ளே ஒரு தகட்டில் அப்படியே இருக்கும், அதை யாராலும் மாற்ற முடியாது என்று ஒரு பக்கம் வாசித்தாயே, அந்த ஒரு பக்கம் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. மணிக்கட்டு போனது, உயரத்து ஜன்னலைத் துடைக்கும்போது ஸ்டூலோடு விழுந்ததில். சுளுக்கு என்று எண்ணெய் கொடுத்தார்கள். உடைந்திருக்கிறது என்று நுவரெலியாவில் ஒரு டாக்டர் சொன்னது மூன்று வருடத்துக்குப் பிறகு. பரவாயில்லை, நான் அதற்கு அழவில்லை. ஆனால் எனக்கு என்னவாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் இல்லை. அது என் மகனாக இருந்திருக்கலாம் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இரண்டு வருடம் இரண்டரை ஆனது. திரும்பி வந்தேன். வேன் பிடித்துக்கொண்டு உன் அப்பா, அத்தை, நீ மூன்று பேரும் கட்டுநாயக்கவுக்கு வந்திருந்தீர்கள். நீ அரை அடி வளர்ந்திருந்தாய், தலையில் நிறைய எண்ணெய். நான் வண்டியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து குனிந்தேன். நீ பின்னால் ஒரு எட்டு வைத்தாய். "அந்த நம்பரு ப்ளேன்லதான வந்தீங்க?" என்று கேட்டாய். எனக்கு எந்த நம்பர் என்றே சட்டென்று விளங்கவில்லை. போன பிளேனே திரும்பக் கொண்டுவராது என்ற விஷயம் அதற்குள் அந்த ஊரில் மற்ற வேலைக்காரப் பெண்கள் சிரித்து எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. "இல்ல சாமி. இது வேற ப்ளேன்" என்றேன். நீ அத்தையின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு சொன்னாய், "அப்ப இவங்க இல்ல அத்தை. எங்கம்மா அந்த ப்ளேன்லதான் வருவாங்க. இருந்து பாப்போம்." எல்லோரும் சிரித்தார்கள். வேன் டிரைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்வது? உன்னைத் தூக்கி வேனில் போட்டோம். கினிகத்தேனை வரும் வரைக்கும் நீ பின் கண்ணாடி வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாய். அதற்கப்புறம் எட்டு மாதம் என்னை "அந்த அம்மா" என்றுதான் சொன்னாய். அந்த அம்மா சோறு போட்டாங்க, அந்த அம்மா ஏசுனாங்க.

அன்றைக்கு "ஆமா, அந்த ப்ளேன்தான்" என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் எட்டு மாதமும் எனக்கு மிஞ்சியிருக்குமே என்று இருபத்துநாலு வருடமாக என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். போகும்போது அவ்வளவு அழகாகப் பொய் சொன்னவளுக்கு வரும்போது ஏன் வாய் வரவில்லை என்று நினைத்து நினைத்துப் பார்ப்பேன். அதனால் நீ அந்த லீக்ஸ் ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் வேலைக்குப் போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பழைய பாஸ்போர்ட்டை எடுத்து, வந்த நாள் முத்திரையைப் பார்த்து, உன் பைலில் அந்த மாதத்தைத் தேடினேன். இருந்தது. மூன்றாவது வருடத்துப் பெரிய சர்வீஸ். ஆறு வாரம் கொட்டகைக்குள் தரைப்பலகை வரைக்கும் கழற்றிப் போட்டு வைத்திருந்திருக்கிறார்கள். அந்தப் பழைய இஞ்சினியர் அனுப்பிய படத்தில் ஒரு சீட்கூட இல்லை, வெறும் கூடு. நான் அன்றைக்குப் பொய் சொல்லியிருந்தால், தம்பி, நீ நாலு வருடம் தேடிச் சேர்த்த பைலே ஒரு நாள் என்னைப் பொய்க்காரி என்று உனக்குக் காட்டிக் கொடுத்திருக்கும். எட்டு மாதத்தில் நீ என்னிடம் வந்துவிட்டாய். பைல் காட்டிக் கொடுத்த பிறகு என்றால் வந்திருப்பாயா?

ஆனால் முதல் பொய்க்குப் பிறகு நீ என்னிடம் முழுதாகத் திரும்பி வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் என்னை ஒன்றும் கேட்பதில்லை என்று மேலே அவ்வளவு கத்தினேன் அல்லவா? நானே விடையும் சொல்லிவிடுகிறேன். நாலு வயதில் ஒரு தடவை "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டாய். அதற்குக் கிடைத்த பதில் ஹட்டன், சப்பாத்து. அதற்கப்புறம் நீ என்னைக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாய். பிளேனைக் கேட்டால் பிளேன் பொய் சொல்லாது, அதனால் பிளேனைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். கட்டுநாயக்கவில் சீட்டுக்கு அடியில் குப்பை பொறுக்குகிற வேலையில் சேர்ந்து, படித்துப் படித்து இன்றைக்கு அந்த சீட்டையே மாட்டுகிறவனாக ஆனதும் அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். எனக்குப் பெருமையும் உண்டு. பெருமையை விட எரிச்சல்தான் கூட, அதையும் எழுதிவிடுகிறேன்.

அதனால் புதன்கிழமை நான் உன் பிள்ளை தாரணியை நர்சரிக்குக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். சொல்லிவிட்டேன், மாட்டேன். அவளைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டி பஸ் நிற்கிற இடத்துக்குக் கொண்டுவந்து உனக்கு முன்னால் நிறுத்துவேன். நீ குனிந்து உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல். தூரமாகப் போகிறேன், ரொம்ப நாள் ஆகும், திரும்பி வருவேன் என்று சொல். எந்தப் பிளேனில் என்று சொல்லாதே. அந்தச் சாவிக்கொத்துத் தகட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சுகன்யாவிடம் சொன்னாயாமே, அந்த வேலையும் வேண்டாம். ஒரு பிள்ளை அந்த ஐந்து எழுத்தோடு பட்டது போதும். அவள் அழுவாள். காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டாள். பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள், கண்டக்டர் நேரமாகிறது என்று கத்துவான். கத்தட்டும். உனக்கு மனசு கேட்காது என்றாய், கேட்க வேண்டாம். எனக்கும் அன்றைக்கு மனசு கேட்டிருக்கக் கூடாது. அப்பாடா என்று நடந்தேனே, அந்த அப்பாடாவுக்குத்தான் இன்று வரைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் இந்தக் கடிதத்தை இத்தோடு முடிக்கலாம் என்றுதான் இருந்தேன். நர்சரி விட்டு வந்த பிள்ளை உன் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். மேலே அவளுடைய படம். என்னிடம் ஓடி வந்து, "அப்பாயி, அப்பா ஏன் என் போட்டோவ பெட்டியில வச்சிருக்காரு? அப்பா எங்க போகப் போறாரு?" என்று கேட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஹட்டன். எவ்வளவு சின்ன வார்த்தை, எவ்வளவு லேசாக வருகிறது. அடுப்பைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டு அதை விழுங்கினேன். "அப்பாவக் கேளும்மா. அவருதான் சொல்லணும். காலையில ஹட்டனுக்குப் போனாருல்ல, சாயங்காலம் வந்துருவாரு" என்றேன். இன்றைக்கு அது உண்மை, விசா காகிதத்துக்கு நீ நிஜமாகவே ஹட்டனுக்குத்தான் போயிருக்கிறாய். "எந்த பஸ்ஸுல வருவாரு?" என்றாள். "காலையில போன பஸ்ஸுலதான்" என்றேன்.

சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள். வெளிப்படியில் உட்கார்ந்துகொண்டு கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போது நாலு மணியாகப் போகிறது. உனக்கு அங்கே வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் அந்த பஸ்ஸிலேயே வந்துவிடு. அந்த பஸ்ஸில் நீ இல்லாவிட்டால் அவளுக்கு நான் என்ன சொல்வேன்?

அம்மா